ஆங்கிலச் சொற்களின் வேர்கள்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறோம். படிக்கும்போது பக்கத்தில் ஓர் ஆங்கில அகராதி இருந்தால் எழுத்துக்கூட்டலையும் உடனே பார்த்துக்கொள்ளலாம்.

"வேர்ச்சொல், வேர்ச்சொல்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? அர்த்தத்தை மனப்பாடம் பண்றதைவிட அதுல என்ன லாபம்?"

ஒரு சொல்லைப் பிரித்துக்கொண்டே போனால், அதற்குமேல் பிரிக்க முடியாமல் பொருளோடு நிற்கிற துண்டு வேர். 'ட்ரான்ஸ்போர்ட்' என்பதில் 'ட்ரான்ஸ்' என்றால் கடந்து, 'போர்ட்' என்றால் சுமத்தல். லத்தீனில் 'போர்த்தாரே' என்ற வினை. இந்த ஒரு வேர் தெரிந்தால் 'எக்ஸ்போர்ட்' (வெளியே சுமப்பது), 'இம்போர்ட்' (உள்ளே சுமப்பது), 'போர்ட்டர்', 'போர்ட்டபிள்', 'சப்போர்ட்' (கீழிருந்து தாங்குவது), 'ரிப்போர்ட்' (செய்தியைத் திரும்பச் சுமந்துவருவது), 'டிபோர்ட்' எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும்.

மனப்பாடம் செய்த சொல் தேர்வு முடிந்ததும் போய்விடும். பிரித்துப் பார்த்த சொல், புதிய சொல் ஒன்று எதிரே வரும்போது கைகொடுக்கும். ஆனால் வேர் பொருளின் திசையைத்தான் காட்டும், முழுப் பொருளையும் தராது. இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

"இங்கிலீஷே லத்தீன்ல இருந்து வந்ததுதானே?"

இல்லை. ஆங்கிலத்தின் அடித்தளம் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஈட்', 'கோ', 'ஹவுஸ்', 'வாட்டர்' போன்ற அன்றாடச் சொற்கள் அந்த அடுக்கு. வடக்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் 'ஸ்கை', 'எக்', 'நைஃப்', 'விண்டோ' போன்றவற்றைக் கொடுத்தார்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு அரசு, நீதிமன்றம், மேசைச் சாப்பாடு எல்லாம் பிரெஞ்சுக்கு மாறின. கொட்டிலில் நின்றபோது 'கௌ', 'ஷீப்', 'பிக்'. தட்டுக்கு வந்ததும் 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்'. வளர்த்தவன் ஆங்கிலம் பேசினான், தின்றவன் பிரெஞ்சு பேசினான். அதன்பிறகு, குறிப்பாக 16-ஆம் நூற்றாண்டு முதல், படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாக அள்ளினார்கள்.

அதனால்தான் ஒரே பொருளுக்கு 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்று மூன்று சொல் இருக்கின்றன. முதலாவது ஜெர்மானியம், இரண்டாவது பிரெஞ்சு வழி, மூன்றாவது நேரே லத்தீன். வேர் பிரித்துப் படிக்கும் முறை பின்னிரண்டு அடுக்குக்குத்தான் நன்றாகப் பொருந்தும். 'ஹவுஸ்' என்ற சொல்லைப் பிரிக்க உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"எதுல இருந்து ஆரம்பிக்கணும்? கடையில விக்கிற புக்ல ஆயிரம் ரூட் போட்டிருக்கு, தலை சுத்துது."

அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். முதல் இரண்டு வாரம் முன்னொட்டுகள் மட்டும் போதும்: ரீ (திரும்ப), ப்ரீ (முன்), ப்ரோ (முன்னோக்கி), எக்ஸ் (வெளியே), இன் (உள்ளே, வேறு இடங்களில் 'இல்லை'), டிஸ் (பிரிந்து), டி (விலகி, கீழே), சப் (அடியில்), சூப்பர் (மேலே), இன்டர் (இடையில்), ட்ரான்ஸ் (கடந்து), கான் (சேர்ந்து), ஆட் (நோக்கி), ஆப் (எதிரே), பெர் (ஊடாக, முழுக்க). பிறகு வாரத்துக்கு 3 வேர். லத்தீன் வினைகளை முதலில் எடுங்கள்: சொல்லுக்கு 'டிக்ட்', எழுதுக்கு 'ஸ்க்ரைப்', பாருக்கு 'ஸ்பெக்ட்', அனுப்புக்கு 'மிட்', எறிக்கு 'ஜெக்ட்', திருப்புக்கு 'வெர்ட்', இட்டுச்செல்லுக்கு 'ட்யூஸ்'. கிரேக்கத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர். நான்கு பத்தி போடுங்கள்: சொல், பிரிப்பு, நேர்ப்பொருள், இன்றைய பொருள். 'இன்ஸ்பெக்ட்' என்றால் உள்ளே பார். 'ரெஸ்பெக்ட்' திரும்பிப் பார். 'சஸ்பெக்ட்' அடியிலிருந்து பார். 'ப்ராஸ்பெக்ட்' முன்னோக்கிப் பார். ஒரு வேருக்கு ஐந்தாறு சொல் போதும், அவற்றில் பாதி ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருக்கட்டும். மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் வலதுபக்கப் பத்திகளை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பலர் நேர்ப்பொருள் பத்தியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். நினைவில் நிற்பதே அந்தப் பத்தியால்தான்.

"ஒரு இடத்துல 'மிட்', இன்னொரு இடத்துல 'மிஸ்'னு வருது. ரெண்டும் ஒரே வேர்னு எப்படி நம்புறது?"

லத்தீன் வினை காலத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்ப அடி மாறும். தமிழில் 'வா' என்பது 'வரு' என்றும் 'வந்த' என்றும் மாறுகிறதே, அதே மாதிரி. 'பெர்மிட்', 'அட்மிட்', 'சப்மிட்' நிகழ்கால அடியிலிருந்து வந்தவை. 'பெர்மிஷன்', 'அட்மிஷன்', 'சப்மிஷன்' மற்றொரு அடியிலிருந்து வந்தவை. ஆகவே வேரை எப்போதும் ஜோடியாகப் படியுங்கள்: மிட்–மிஸ், வெர்ட்–வெர்ஸ், ஸ்க்ரைப்–ஸ்க்ரிப்ட், ட்யூஸ்–டக்ட், விட்–விஸ், ஸீட்–செஸ்.

கொஞ்சம் சிக்கலானது பிடித்தலைக் குறிக்கும் 'காப்' வேர். முன்னொட்டு சேர்ந்தால் லத்தீனிலேயே அதன் உயிரெழுத்து தேய்ந்து 'செப்ட்' ஆகிவிடும். பிரெஞ்சு வழியாக வந்தால் 'ஸீவ்' ஆகும். 'கேப்ச்சர்', 'ரிசப்ஷன்', 'ரிஸீவ்' மூன்றும் ஒரே வேர்தான். கல்யாண மண்டபத்து 'ரிசப்ஷன்', வருகிறவர்களைக் கைநீட்டி ஏற்றுக்கொள்வது.

"'நாட்' அர்த்தத்துக்கு ஒரு தடவை 'இம்', ஒரு தடவை 'இல்', ஒரு தடவை 'இர்'. எதுக்கு எது வரும்னு எப்படித் தெரியும்?"

மூன்றும் ஒரே 'இன்'தான். அடுத்து வரும் மெய்யெழுத்துக்கு ஏற்ப மாறுகிறது: 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்'. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி, மண்ணும் குடமும் சேர்ந்தால் மட்குடம் என்று புணர்ச்சி படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் இந்தப் பகுதியை வெகு வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதில் பெரிய ஆதாயம் எழுத்துக்கூட்டல். 'அகாமடேட்' என்ற சொல்லில் இரண்டு ஸி, இரண்டு எம் வரும். ஏன்? 'ஆட்' என்பது 'அக்' ஆகிறது, அடுத்து 'காம்' என்ற முன்னொட்டு, அதன்பின் 'மாட்' என்ற வேர். ஒவ்வொரு துண்டும் தன் எழுத்தோடு நிற்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இரட்டை மெய் வந்தால், அங்கே ஒரு முன்னொட்டு உருமாறிப் படுத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 'அரைவ்' என்ற சொல்லும் அப்படித்தான்: 'ஆட்' சேர்ந்து 'அர்' ஆனது, 'ரீப்பா' என்றால் லத்தீனில் கரை. கரை சேர்வதுதான் வந்துசேர்வது.

"பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன். அந்த வார்த்தைகளுக்கெல்லாம் வேர் சொல்லித் தர முடியுமா?"

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. வட்டிக்கணக்குச் சொற்கள் இங்கே வீட்டுப் பேச்சு.

'பேங்க்' என்பது இத்தாலிய மொழியில் பணம் மாற்றுபவர் உட்கார்ந்த பலகை. ஆங்கில 'பென்ச்' அதற்கு உறவு. 'பேங்க்ரப்ட்' என்றால் பலகை உடைந்தது. 'ரப்ட்' உடைதலைக் குறிக்கும் லத்தீன் வேர். 'இன்டரப்ட்' (இடையில் உடைப்பது), 'எரப்ட்' (வெடித்து வெளியே வருவது), 'கரப்ட்' எல்லாம் அதே வீடு. 'க்ரெடிட்' நம்பிக்கையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 'இன்க்ரெடிபிள்' என்றால் நம்ப முடியாதது. 'கேபிடல்' தலையைக் குறிக்கும் 'காப்புட்' என்பதிலிருந்து. 'கேப்டன்', 'சாப்டர்' மட்டுமல்ல, மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' என்பதும் அதே மூலம்தான், ஒரு காலத்தில் மந்தைதான் முதல். 'இன்ட்ரஸ்ட்' என்றால் லத்தீனில் 'இடையில் இருக்கிறது', அதாவது பொருட்படுத்த வேண்டியது. கடன் கொடுத்தவனுக்கு இடைப்பட்ட காலத்தில் ஏற்படும் இழப்புக்கு ஈடு என்ற பொருளில் அது வட்டியானது. 'மார்ட்கேஜ்' பிரெஞ்சில் செத்த அடமானம்; 'மார்ட்' என்பது 'மார்ட்டல்', 'மார்ச்சுவரி' என்பவற்றிலும் இருக்கிறது.

'ஆடிட்' என்றால் கேட்பது. 'ஆடியோ', 'ஆடிட்டோரியம்' இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கை வாயால் வாசிக்க, மற்றவர் காதால் கேட்டுச் சரிபார்த்த காலத்துச் சொல் அது. 'டெல்லர்' என்பதற்கும் 'கதை சொல்' என்ற 'டெல்' வினைக்கும் உள்ள தொடர்பைப் பலர் கேட்கிறார்கள்: பழைய ஆங்கிலத்தில் 'டெல்' என்பதற்கு எண்ணுதல் என்ற பொருளும் உண்டு. பணம் எண்ணுபவர்தான் டெல்லர்.

"ஆத்தங்குடி டைல்ஸ்னு சொல்றோமே, அந்த 'டைல்' எங்க இருந்து வந்தது?"

லத்தீன் 'டேகுலா', ஓடு. மூடுதலைக் குறிக்கும் 'டேகெரே' என்ற வினையிலிருந்து வந்தது. 'ப்ரொடெக்ட்' என்றால் முன்னால் மூடிக் காப்பது. 'டிடெக்ட்' என்றால் மூடியதை விலக்கிக் காண்பது. கூரை வேயும் 'தாட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லும் தூரத்து உறவு, அது ஜெர்மானிய வழி. கூரைக்கு மூடியாக இருந்த சொல் இன்றைக்குத் தரையில் கிடக்கிறது.

"உச்சரிக்காத எழுத்தை எதுக்கு எழுதணும்? கடனுக்கான 'டெட்'ல பி எதுக்கு?"

இரண்டு வகைக் காரணம் உண்டு. 'நீ' (முழங்கால்), 'நைஃப்' இரண்டிலும் கே ஒலி முன்பு உண்மையிலேயே ஒலித்தது. ஒலி போனது, எழுத்து நின்றது. 'நைட்' (இரவு) என்பதில் வரும் ஜி-எச் கூட அப்படித்தான்.

'டெட்' கதை வேறு. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தது. பிற்காலத்துப் படிப்பாளிகள் லத்தீன் 'டெபிட்டும்' மூலத்தைக் காட்ட வேண்டும் என்று பி-யைச் சொருகினார்கள். 'டவுட்' என்பதில் உள்ள பி, 'ரிஸீட்' என்பதில் உள்ள பி (ஸி-இ-ஐ-பி-டி) அதே வேலை. வேர் தெரிந்தவர் 'டெபிட்', 'ரிசப்ஷன்' என்று நினைத்துக்கொண்டால் எழுத்து தவறாது. 'ஐலண்ட்' என்பதில் உள்ள எஸ் மட்டும் அவர்களின் பிழை: அது ஜெர்மானியச் சொல், லத்தீன் 'இன்சுலா'வோடு குழப்பி எஸ் போட்டுவிட்டார்கள்.

"நர்ஸிங் படிக்கிறேன். ஒரே உறுப்புக்கு 'ரீனல்'னும் 'நெஃப்ரோ'ன்னும் ரெண்டு பேர் ஏன்?"

ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம். உறுப்பின் பெயரடை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், நோயின் பெயரும் துறையின் பெயரும் கிரேக்கத்தில் இருக்கும். சிறுநீரகத்துக்கு 'ரீனல்', அழற்சிக்கு 'நெஃப்ரைட்டிஸ்'. நுரையீரலுக்கு 'பல்மனரி', நோய்க்கு 'நிமோனியா'. தோலுக்கடியில் போடும் ஊசியை 'சப்கியூட்டேனியஸ்' என்றாலும் 'ஹைப்போடெர்மிக்' என்றாலும் துண்டு துண்டாக ஒரே பொருள்: அடியில், தோல்.

மூன்று ஈறுகளைக் கலக்காதீர்கள். 'எக்டமி' வெட்டி எடுத்துவிடுவது, 'ஆட்டமி' வெட்டித் திறப்பது, 'ஆஸ்டமி' வழி உண்டாக்கி வைப்பது. 'ட்ரக்கியாட்டமி', 'ட்ரக்கியாஸ்டமி' என்று அடுத்தடுத்து வரும்போது ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதேபோல 'ஹைப்போ' (குறைவு), 'ஹைப்பர்' (மிகுதி): காதால் கேட்டு எழுதும்போது திரும்பக் கேட்டு உறுதி செய்யுங்கள். சர்க்கரை குறைந்த நோயாளிக்கும் கூடிய நோயாளிக்கும் சிகிச்சை நேர்மாறு. இன்னொன்று: 'கரோனரி' இதயத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வரவில்லை. கிரீடத்தைக் குறிக்கும் 'கரோனா'விலிருந்து வந்தது, அந்த இரத்தக்குழாய்கள் இதயத்தைக் கிரீடம்போலச் சுற்றி நிற்பதால்.

"'பெட்'னா கால்னு படிச்சேன். அப்ப 'பீடியாட்ரிஷன்' கால் டாக்டரா?"

குழந்தை டாக்டர். லத்தீன் 'பெட்' கால்: 'பெடல்', 'பெடஸ்ட்ரியன்', 'சென்டிபீட்'. கிரேக்க 'பைட்' குழந்தை: 'பீடியாட்ரிக்ஸ்', 'பெடகாகி'. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் குழந்தை வேரில் பி-க்கு அடுத்துப் பெரும்பாலும் ஏ-இ வரும், அதுதான் அடையாளம் ('பெடகாகி' விதிவிலக்கு). 'ஹோமோ' அப்படியே: 'ஹோமிஸைட்' என்பதில் லத்தீன் மனிதன், 'ஹோமோஜீனியஸ்' என்பதில் கிரேக்கம், 'ஒரே மாதிரி'. 'ஆன்டி' என்று கேட்டால் இ-யா ஐ-யா என்று பாருங்கள்: இ என்றால் முன், ஐ என்றால் எதிர். வேரின் உருவம் ஒன்றாக இருந்தால் எந்த மொழி என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

"வேரை வச்சு அர்த்தம் எழுதினேன், தப்புன்னு அடிச்சுட்டாங்க. ஏன்?"

வேர் தொடங்கிய இடம். சொல் அங்கிருந்து நடந்து வந்திருக்கிறது. 'மேனுஃபேக்சர்' என்றால் கையால் செய்வது. இன்று இயந்திரம் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். 'ஆயில்' கிரேக்கத்தில் ஆலிவ் எண்ணெய் மட்டும்தான். 'ஆலிவ்' என்ற சொல்லும் அதே மூலம். நம் எண்ணெயும் எள்ளும் நெய்யும் சேர்ந்தது, முதலில் எள்ளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்காகக் கடலை எண்ணெய் என்று சொல்வது பிழையாகிவிடுமா? இன்றைய பொருளை அகராதிதான் சொல்ல வேண்டும்.

முன்னொட்டும் ஏமாற்றும். 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பிடிப்பது. அங்கே 'இன்' உள்ளே என்ற பொருள், இல்லை என்ற பொருளில்லை. டேங்கர் லாரியில் எழுதியிருக்கும் சொல்லாதலால் இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வில் முறை இதுதான்: வேரால் ஊகித்து, வாக்கியத்தில் பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் வாக்கியத்தை நம்புங்கள்.

"அகராதியில சொல்லுக்குக் கீழ சின்னச் சின்ன எழுத்தா போட்டிருக்கே, அதை எப்படிப் படிக்கிறது?"

பின்னோக்கிப் படியுங்கள். முதலில் இருப்பது மிக அண்மைய படி, கடைசியில் இருப்பது மிகப் பழையது. இடப்பக்கம் கூர்மையான கோணக்குறி 'இதிலிருந்து வந்தது' என்று பொருள். ஓ-இ பழைய ஆங்கிலம், எம்-இ இடைக்கால ஆங்கிலம், ஓ-எஃப் பழைய பிரெஞ்சு, எல் லத்தீன், ஜி-கே கிரேக்கம். சொல்லுக்கு முன் நட்சத்திரக்குறி இருந்தால் அது எந்த ஏட்டிலும் காணப்படாத, அறிஞர்கள் கணித்து அமைத்த வடிவம். கூடவே ஆண்டு இருந்தால் விடாமல் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்ததற்குக் காரணமே ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தேடியதுதான்.

"தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகள் நிஜமாவே இருக்கா?"

இருக்கின்றன, சான்றோடு. 'கறி' போர்ச்சுகீசியர் வாய்வழி போய் 'கர்ரி' ஆனது. மிளகுத்தண்ணீர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'மல்லிகட்டானி' சூப்பானது. கட்டுமரம் 'கேட்டமரான்', இன்று அச்சொல் இரட்டை அடிப்பகுதி உள்ள படகைக் குறிக்கிறது. சுருட்டு 'ஷெரூட்'. அணைக்கட்டு 'ஆனிகட்'. செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நிற்கும் பர்மா தேக்கின் 'டீக்' என்ற ஆங்கிலப் பெயர், தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான தேக்கிலிருந்து போர்ச்சுகீசியம் வழியாகப் போனது. 'கோடவுன்' மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மலாய்க்கு அது நம் கிடங்கிலிருந்து போயிருக்கலாம் என்று அகராதிகள் குறிக்கின்றன. அந்த ஊசலாட்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

1886-இல் யூல், பர்னல் இருவரின் பெயரில் வந்த ஆங்கிலோ–இந்தியச் சொல்லகராதி இவற்றுக்கெல்லாம் பழைய மேற்கோள்களைத் தேதியோடு தருகிறது. ஒரு சொல்லை மட்டும் எச்சரிக்கிறோம். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'பரையா', பறை முழக்கிய மக்களின் சாதிப் பெயரை இழிசொல்லாக்கியது. பெரிய பத்திரிகைகளில் வந்தாலும் நீங்கள் எழுதாதீர்கள். 'அவுட்காஸ்ட்' என்று எழுதினால் போதும்.

"காசுதான் 'கேஷ்' ஆச்சுன்னு எங்க ஐயா சொல்றாக. சரியா?"

ஐயா சொல்வது பாதி சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொல் இருக்கின்றன. சீனத்தில் நடுவே சதுரத் துளை போட்ட சிறு செப்புக்காசையும், கும்பினியார் காலத்துச் சென்னையில் வழங்கிய சிறு நாணயத்தையும் குறித்த 'கேஷ்' நம் காசேதான், போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தப் பணத்தை ஆங்கிலேயர் 'ஃபனம்' என்று எழுதினார்கள்.

கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கும்போது வருவது மற்றது. அது லத்தீன் 'காப்சா', பெட்டி. இத்தாலி, பிரெஞ்சு வழியாகப் பணப்பெட்டி என்ற பொருளில் வந்து, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் பெயரானது. 'கேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே பெட்டி. லேவாதேவிக் கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒரு வேலை இருந்ததை ஐயாவே சொல்லுவாக. அங்கே கேட்டுப் பாருங்கள், பெட்டிக்கும் பணத்துக்கும் உள்ள நெருக்கம் விளங்கும்.

"ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு வந்ததுதானே?"

போர்ச்சுகீசியம். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபின் வந்தவை: 'ஜனேலா', 'சாவே', 'அர்மாரியு', 'மேசா'. ஏலம்கூட அங்கிருந்துதான்.

படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. போர்ச்சுகீசியம் லத்தீனின் பிள்ளை. சாவியின் மூலம் லத்தீன் 'க்ளாவிஸ்'. அதே வேர் ஆங்கிலத்தில் 'க்ளாவிக்கிள்' (காறையெலும்பு, குட்டிச் சாவி), 'கான்க்ளேவ்' (சாவி போட்டுப் பூட்டிய அறைக்குள் கூடுவது), 'என்க்ளேவ்' என்று வருகிறது. ஜன்னலின் மூலம் கதவைக் குறிக்கும் 'ஜானுவா'. வாயிற்காப்பவனாக இருந்த 'ஜானிட்டர்' அதே இடத்தவன். வீட்டில் இருக்கும் சொல்லை வைத்தே இந்த வேர்களை நோட்டில் ஏற்றலாம்.

"வாட்ஸப்ல வருது: 'நியூஸ்'னா நாலு திசையோட முதல் எழுத்தாம், 'சின்சியர்'னா மெழுகு இல்லாததாம். உண்மையா?"

இரண்டும் பொய். 'நியூஸ்' என்பது 'நியூ'வின் பன்மை, புதியவை. 'சின்சியர்' லத்தீன் 'சின்சேருஸ்', கலப்பில்லாதது. சிற்பி மெழுகு பூசிய கதைக்குச் சான்று கிடையாது. 'ஹிஸ்டரி' அவனுடைய கதை அல்ல, கிரேக்கத்தில் விசாரித்து அறிவது. 'சேலரி'க்கும் உப்புக்கும் சொல் உறவு உண்மை. ரோமானியப் படைவீரனுக்கு உப்பாகவே சம்பளம் அளந்தார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் இல்லை.

முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. ஆகவே பழைய சொல்லுக்கு அப்படி விளக்கம் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். விதிவிலக்காக 'ஓகே' இருக்கிறது: 1839-இல் பாஸ்டன் பத்திரிகையில் 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதிச் சுருக்கியது. அதற்கு அச்சிட்ட தேதி இருக்கிறது. மற்றவற்றுக்கு இல்லை.

"பாதம் – ஃபுட், பிதா – ஃபாதர், தந்தம் – டூத். இதெல்லாம் ஒண்ணுபோல இருக்கே, தற்செயலா?"

தற்செயல் இல்லை. ஆனால் இவை தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்தவை. வடமொழி, கிரேக்கம், லத்தீன் ஒரே மூலத்தவை என்று 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துச்சொன்னார். 1822-இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் ஒலிமாற்றத்தை ஒழுங்காக வகுத்தார்: லத்தீனில் ப என்றால் ஜெர்மானியத்தில் ஃப, த என்றால் 'த்' காற்றொலி, க என்றால் ஹ, மெல்லோசை ட ('வண்டி'யில் ஒலிப்பது) என்றால் வல்லோசை ட ('வட்ட'த்தில் ஒலிப்பது). 'பேட்டர்' – 'ஃபாதர்', 'பெட்' – 'ஃபுட்', 'த்ரேஸ்' – 'த்ரீ', 'கார்னு' – 'ஹார்ன்', 'டென்ட்' – 'டூத்'.

படிப்புக்கு இதன் பயன் நேரடியானது. 'டென்டிஸ்ட்' லத்தீன், 'டூத்' ஜெர்மானியம்; 'கார்டியல்' லத்தீன், 'ஹார்ட்' ஜெர்மானியம். தெரிந்த எளிய சொல்லைக் கொண்டு கடினமான வேரை நினைவில் வைக்கலாம். ஆனால் ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவல்ல: எட்டு – 'எய்ட்' ஜோடிக்கு உறவு இல்லை.

"அப்ப எட்டு – 'எய்ட்' மட்டும் ஏன் உறவு இல்லைங்கிறீங்க? ஒலி அப்படியே இருக்கே?"

மேலே சொன்ன கிரிம் வழியில் இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். 'எய்ட்' பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்டா'. அந்த ஹ பழைய க-வின் எச்சம். லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட', நாம் அஷ்டமி என்கிறோமே அது. எட்டோ 'எண்' என்ற அடிக்குப் போகிறது. எண்பது, எண்ணூறு இரண்டிலும் அது தெரிகிறது. ஒன்றின் நடுவில் க, மற்றதின் நடுவில் ண். உறவுச் சொற்கள் பழமைக்குப் போகப் போக நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன.

இஞ்சியைப் பாருங்கள். 'ஜிஞ்சர்' கேட்க ஒட்டாது. ஆனால் லத்தீன், கிரேக்க 'ஜிங்கிபெரிஸ்', பாலி 'சிங்கிவேர' என்று பின்னால் போகப் போக, இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிட வடிவம் வெளிப்படுகிறது. உறவு இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும் ஜோடி எதுவானாலும் மூன்றைச் சேகரியுங்கள்: இரு பக்கமும் கிடைக்கும் மிகப் பழைய வடிவம், இடையில் கைமாற்றிய மொழி, அதே ஒலிமாற்றம் காட்டும் வேறு ஜோடிகள். தமிழ்ப் பக்கத்துக்கு பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் பாருங்கள். 1961-இல் வந்தது, 1984-இல் திருத்திய பதிப்பு. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆங்கிலப் பக்கத்துக்கு, நாம் மேலே படிக்கக் கற்ற அந்தச் சிறு எழுத்துக் குறிப்பு போதும்.